ஃபேனை நிறுத்தச் சொல்பவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பெரும்பாலான வீடுகளில் ஒருவர் இப்படி இருப்பார். மற்றவர்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது அவர் மட்டும் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்துபோய் ஃபேனைக் குறைத்துவிட்டு வருவார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். ஆபீஸில் ஏசிக்கு நேர்கீழே இடம் கிடைத்துவிட்டால் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டியபடி வேலை பார்ப்பார். "உனக்கு மட்டும் எப்படித்தான் குளிருதோ" என்பதற்கு மேல் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவரும் ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மார்கழிப் பனியில் குளிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். சித்திரை மாதத்திலும் கை கால் சில்லிட்டுக் கிடப்பவரின் விஷயம் வேறு. அவருக்குக் கஷாயமும் வேண்டும், காரணமும் தெரிய வேண்டும். நம் வீடுகளில் முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவதைத் தேடிப் போவதற்குள் பல வருஷங்கள் ஓடிவிடுகின்றன. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தாமதம்தான்.

சுக்கு, மிளகு, திப்பிலி உள்ளே போனதும் சூடு பரவுவது கற்பனை இல்லை. நாக்கிலும் தோலிலும் குடலிலும் உள்ள நரம்பு நுனிகளில், வெப்பத்தை உணர்வதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயின் காப்சைசினும், மிளகின் பைப்பரினும், இஞ்சியின் காரப்பொருள்களும் சூடே இல்லாமல் அதே புரதத்தைத் தூண்டிவிடுகின்றன. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூஷியனுடன் பகிர்ந்துகொண்டார். ஆகவே தொண்டையில் இறங்கும் கதகதப்பும், முகத்துக்கு ஓடிவரும் ரத்தமும், மேலுதட்டில் அரும்பும் வியர்வையும் நிஜம். ஆனால் வியர்ப்பதே உடம்பு சூட்டை வெளியேற்றும் வழி. உள்ளே சூட்டை உண்டாக்குவது சாப்பாடு, தசை, தைராய்டு, ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ரத்தம் ஆகியவை. இவற்றில் ஒன்று குறைந்தால் எத்தனை டம்ளர் சுக்குத் தண்ணி குடித்தாலும் அரைமணி நேரத்தில் கை மறுபடி சில்லிட்டுவிடும்.

செய்ய வேண்டியவை

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை

இரண்டு மூன்று மாதமாக, வெயில் காலத்திலும் குளிர்கிறது என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வசதியில்லை என்றால் ஹீமோகுளோபினிலிருந்து தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு இல்லை.

ரத்தசோகையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நாடு முழுவதும் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். பாதிக்கு மேல் என்பதால், "நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று அதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும், ஆணுக்கு 13. இரும்புச்சத்து குறைந்தவர்களின் உடம்பு குளிரில் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளத் திணறுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கிறதா, மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, பச்சரிசியோ மண்ணோ தின்னத் தோன்றுகிறதா? இவற்றோடு குளிரும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

தைராய்டு குறைவாகச் சுரந்தால் குளிரோடு மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, காரணமில்லாமல் எடை கூடுதல், எந்நேரமும் அசதி ஆகியவையும் வரும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாக எடுப்பவர்களுக்கும் பி12 குறையக்கூடும். அப்போது பாதத்தில் மரத்துப்போன உணர்வைக் "குளிர்" என்று சொல்பவர்கள் உண்டு.

விரல்களைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்ததும் விரல் நுனி சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடு ஏறும்போது சிவந்து வலிக்கிறதென்றால் அது விரலின் சிறு ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்ளும் தனிப் பிரச்சினை. மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் அதை விவரித்தார். அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். பலருக்கு இது தொந்தரவோடு நின்றுவிடும். சிலருக்கு மூட்டுவாத வகை நோய்களின் முதல் அடையாளமாக வரும். ஆகவே ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் வெளுத்திருக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், அங்கே போய் விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

சுக்கு மல்லி காபியை முறையாகப் போடுங்கள்

கடையில் விற்கும் பொடிகளில் பல வெறும் மல்லிப்பொடியும் சர்க்கரையுமாக இருக்கின்றன. வீட்டில் இடிப்பது பெரிய வேலை இல்லை. சுக்கு வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உள்ளே நார் தெரிந்து, மூக்கில் ஏறுகிற மணம் வர வேண்டும். பொத்தல் விழுந்திருந்தால் வேண்டாம். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் சுக்கில் பூச்சி விழாமல் இருக்கச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அதனால் கத்தியால் மேல்தோலைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். சித்த மருத்துவத்திலும் சுக்கின் மேல்தோலை நீக்கிவிட்டுத்தான் மருந்து செய்வார்கள்.

50 கிராம் தனியாவுக்கு 25 கிராம் சுக்கு, ஒரு டீஸ்பூன் மிளகு, இரண்டு ஏலக்காய். தனியாவை வெறும் சட்டியில், அடுப்பைக் குறைத்து வைத்து, நிறம் லேசாக மாறி மணம் எழும்பும்வரை மட்டும் வறுங்கள். கருகினால் கஷாயம் கசக்கும். சுக்கை மிக்ஸியில் முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். உரலில் நசுக்கிய பிறகு மற்றவற்றோடு சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடியைப் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவிடுங்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மண் தங்கும். சர்க்கரைநோய் இருப்பவருக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்கள் இனிப்பில்லாமல் குடிக்கப் பழக வேண்டும்.

பச்சை இஞ்சியைவிடச் சுக்கு ஏன் அதிகம் உறைக்கிறது என்றால், காயும்போது இஞ்சியின் ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகாலாக மாறுகிறது. அதற்குக் காரம் கூடுதல். அதனால் சுக்கை இஞ்சியின் அளவுக்குப் போடக் கூடாது. நாளைக்கு ஒரு டம்ளர் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு, காபி டீ குடிக்கும் நேரத்தில் அதற்குப் பதிலாகக் குடித்தால் இரட்டை லாபம்; அது ஏன் என்று கீழே வருகிறது. நெஞ்செரிச்சல், குடல்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்.

மருந்தைச் சாப்பாட்டில் வையுங்கள்

என்னைக் கேட்டால் கஷாயத்தைவிட ரசம் மேல். மிளகு ரசத்திலும், கண்டந்திப்பிலி ரசத்திலும், பூண்டுக் குழம்பிலும் போடுகிற அளவை நாக்கே தீர்மானித்துவிடுகிறது. அளவு மீறினால் வாயில் வைக்க முடியாது. கஷாயத்தில் அந்தக் காவல் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்துவிடலாம். ஓமம் தாளித்த மோர்க்குழம்பு, கற்பூரவல்லி பஜ்ஜி, துளசி போட்ட வெந்நீர், மிளகு வைத்து மடித்த ஒரு வெற்றிலை (புகையிலையும் பாக்கும் இல்லாமல்) எல்லாம் இந்த வகைதான். இவற்றைத் தினமும் மாற்றி மாற்றி எடுப்பதில் பயமில்லை.

கடைசியில் சாப்பிடுபவர் முதலில் சாப்பிடட்டும்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாடு செரிப்பதே சூட்டை உண்டாக்கும் வேலை. அதிலும் புரதம் செரிக்கும்போது அதிகம். காலையில் எல்லாரையும் அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்கு மிச்சமிருக்கும் இரண்டு இட்லியைச் சட்னி இல்லாமல் பிட்டுப் போட்டுக்கொள்கிறவருக்கு உடம்பு குளிராமல் என்ன செய்யும்? முட்டை, பருப்பு, சுண்டல், மீன் இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் அவர் தட்டில் விழ வேண்டும். அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் இரும்புச்சத்துக்கு நல்லவை. சுவரொட்டியை அனலில் வாட்டி மிளகுத்தூள் தூவி வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கும் வழக்கத்தில் நல்ல விவரம் இருக்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிகுதி.

கீரையிலும் கம்பிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் உடம்பில் சேராது. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை பிழிந்தோ, ஒரு நெல்லிக்காயைக் கடித்தோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைவாகச் சேரும். சாப்பாட்டுக்கும் காபி டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாயங்கால டீயின் இடத்தைச் சுக்கு மல்லிக்குக் கொடுக்கச் சொன்னது இதனால்தான். எடையைக் குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர்களுக்கும் குளிர் வரும். அவர்களுக்கு மூலிகை ஒன்றும் தேவையில்லை, சாப்பாடு தேவை.

தசைக்கு வேலை கொடுங்கள்

உடம்பு நடுங்குவதே தசையைக் குலுக்கிச் சூடு உண்டாக்கத்தான். நடுக்கம் வரும்வரை காத்திருக்காமல் நாமே அசைந்துவிடலாம். குக்கர் விசிலுக்கு நிற்கும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். ஆபீஸில் மணிக்கொருமுறை எழுந்து மாடிப்படியில் ஒரு மாடி ஏறி இறங்குங்கள். கையை வீசி நடந்தால் தோளிலிருந்து விரல்வரை சூடு இறங்கும்.

படுக்கப் போகும் முன் பாதத்தைக் கவனியுங்கள்

அகலமான பாத்திரத்தில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். சூடு சரியா என்று பார்க்க முழங்கையை விட்டுப் பாருங்கள். அடுப்பில் புழங்கிப் பழகிய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. நொச்சி இலையோ ஒரு பிடி கல்லுப்போ போடுவது உங்கள் விருப்பம், வேலை செய்வது தண்ணீரின் சூடுதான். பத்து நிமிஷம் போதும். பிறகு விரலிடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெயை உள்ளங்காலில் தேய்த்து, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பாதம் சூடானால் அங்கே ரத்தக்குழாய் விரியும், உடம்பின் உள்சூடு சற்றே தணியும். தூக்கம் வருவதற்கு அந்தத் தணிவு வேண்டும். கால் சில்லிட்டு நடுராத்திரிவரை புரளுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். சர்க்கரைநோய் உள்ளவர்கள் மட்டும் கீழே உள்ள எச்சரிக்கையைப் படித்த பிறகு.

துணியைப் பற்றி ஒரு வரி: தடிமனான ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மேல். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு ஈரத்தலையோடு ஃபேனுக்குக் கீழே உட்காராதீர்கள்.

மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் அட்டினோலால், புரோப்பிரனோலால் போன்ற மாத்திரைகள் கை கால்களைச் சில்லிட வைக்கக்கூடும். மாத்திரை தொடங்கிய பிறகுதான் குளிர் வந்தது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது. நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

செய்யக்கூடாதவை

கஷாயத்தையும் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள்

தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் போட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து சரியாகச் சேராது. கஷாயமும் அந்த நேரம் கழித்தே. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே கையில் வைத்து விழுங்கிவிட்டு, "மாத்திரை போட்டும் குளிர் போகலை" என்பவர்கள் நிறையப் பேர். தப்பு அவர்களுடையது இல்லை. மருந்துக்கடையில் உறைமேல் "காலை 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சில மருந்துகளைக் குடலிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் சேரச் செய்யும். வலிப்புக்கான ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மேலே சொன்ன புரோப்பிரனோலால் ஆகியவை அதில் அடங்கும். ரசத்து மிளகுக்குப் பயப்பட வேண்டாம். திப்பிலி சூரணத்தை வேளைக்கு ஒரு டீஸ்பூன் தேனில் குழைத்துச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் சுக்கு, பூண்டு, மஞ்சள் எதையும் மருந்தளவில் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

"மூலிகைதானே" என்று அளவை மறக்காதீர்கள்

அதிமதுரத்தைத் தொடர்ந்து வாரக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். லவங்கப்பட்டை என்று நம் மளிகைக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கரடான காசியா பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் கரண்டிக்கணக்கில் பொடித்துக் குடித்தால் கல்லீரலைப் பாதிக்கும். பிரியாணியில் போடும் துண்டால் ஒன்றும் ஆகாது. தினசரி பட்டைத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பவர்கள், காகிதம்போல் பல அடுக்காகச் சுருண்டிருக்கும் இலங்கைக் கறுவாப்பட்டையைத் தேடி வாங்குங்கள். அமுக்கராங்கிழங்குப் பொடி தைராய்டு அளவுகளை மாற்றக்கூடும். தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை விளம்பரம் பார்த்து வாங்க வேண்டாம்.

செந்தூரமும் பற்பமும் கடை மருந்து அல்ல

அயச்செந்தூரம் ரத்தசோகைக்குச் சித்த மருத்துவர்கள் தரும் மருந்து. உலோகத்தைப் புடம்போட்டுச் செய்யும் இவ்வகை மருந்துகளைப் பதிவுபெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லி, எத்தனை நாள் என்று எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நாட்டு மருந்துக்கடைப் பையன் பொட்டலம் கட்டித் தருவதும் அங்கே தருவதும் ஒன்றல்ல.

தைலத்தை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள், குழந்தைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்

ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் வாங்காமல் யாரும் வருவதில்லை. வெளிப்பூச்சுக்கு நல்லவை. தேய்த்தால் எரிச்சலும் கதகதப்பும் வரும். ஆனால் விண்டர்கிரீன் தைலம் என்பது முக்கால்வாசிக்கும் மேல் மெத்தில் சாலிசிலேட். அதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு சின்னக் குழந்தை அவ்வளவை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் தைலமும் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். டிவி பக்கத்தில், தலையணைக்கு அடியில், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் என்று இந்தப் பாட்டில்கள் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்தான் பல வீடுகளில் இருக்கின்றன. இன்றைக்கே எடுத்து மேலே வையுங்கள். தைலம் தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடாது, தோல் வெந்துவிடும்.

கைக்குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது, நாக்கில் வசம்பு உரைத்துத் தேய்ப்பது, குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் காட்டுவது மூன்றையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் பிஞ்சு உடம்பில் வலிப்பை உண்டாக்கும். வசம்பில் நச்சுத்தன்மை உள்ள பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். புகை நுரையீரலுக்கு ஆகாது. பாட்டிகள் அன்பால் செய்வது இது. அவர்களைக் கடிந்துகொள்ளாமல், குழந்தையை அம்மாவின் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொள்வதைவிடச் சிறந்த கதகதப்பு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

குளிருக்குப் பிராந்தி வேண்டாம்

ஒரு மூடி ஊற்றினால் உடம்பு சூடாகும் என்று வயசானவர்களுக்கும், ஏன், சளி பிடித்த குழந்தைக்கும்கூடக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரித்துவிடும். உள்ளே இருந்த சூடு வெளியே வந்து தோல் சூடாகத் தெரியும். உடம்பின் நடுச்சூடு அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். குழந்தைக்கு ரத்தச் சர்க்கரையும் சேர்ந்து இறங்கும். புகைபிடித்தாலோ விரல்களுக்குப் போகும் ரத்தமே குறைகிறது.

உணர்ச்சி குறைந்த காலில் சூடு வைக்காதீர்கள்

சர்க்கரைநோய் பல வருஷமாக இருப்பவருக்குப் பாதத்து நரம்புகள் பழுதாகி, "ஐஸ் மாதிரி இருக்கு" என்று தோன்றும். தொட்டுப் பார்த்தால் கால் சூடாகவே இருக்கும். அந்தக் காலில் வெந்நீர்ப் பையை வைத்தால் கொப்புளம் வரும்வரை சுடுவது தெரியாது. பிறகு புண், அது ஆறாமல் விரலை எடுக்கும் நிலை. இவர்கள் வெந்நீரில் கால் ஊறவைப்பதும், ஹீட்டர் முன் கால் நீட்டுவதும் வேண்டாம். தையல் உறுத்தாத சாக்ஸ் போடலாம். தினமும் உள்ளங்காலை இன்னொருவர் பார்க்க வேண்டும். மற்றவர்களும் வெந்நீர்ப் பையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாமல், துண்டு சுற்றி வைத்து, தூங்கும் முன் எடுத்துவிட வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகி, ஒரு கால் மட்டும் சில்லிடுகிறது என்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். அந்தக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்க நேரமில்லை.

மூடிய அறைக்குள் கரி மூட்டாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். கொடைக்கானலிலும் ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும். சமவெளியிலிருந்து போகிறவர்கள், வெளியே கோழி வாட்டிய கரிச்சட்டியை அனலுக்காக அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, இருமலும் வராது. தலை வலிக்கும், தூக்கம் சொக்கும், பிறகு எழுந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாவுச் செய்தி வருகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கரி அறைக்குள் வரவே கூடாது. கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள்.

குளிர்ஜுரத்தை வழக்கமான குளிர் என்று எண்ணாதீர்கள்

தினமும் இருக்கும் குளிர் வேறு, பல் கிட்டித்து உடம்பு தூக்கிப் போடும் நடுக்கம் வேறு. நடுக்கத்தோடு ஜுரம் வந்தால் மலேரியா, சிறுநீர்த்தொற்று என்று பல காரணங்கள் இருக்கலாம். கம்பளியைப் போர்த்திக் கஷாயம் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

"வயசாயிட்டா அப்படித்தான்" என்று விடாதீர்கள்

வயதானவர்களுக்குத் தசையும் தோலடிக் கொழுப்பும் குறைவதால் குளிர் கூடுதலாகத் தெரிவது உண்மைதான். ஆனால் தைராய்டும் ரத்தசோகையும் அவர்களுக்கும் வரும், அவர்களுக்கும் குணமாகும். வயதான ஒருவர் குளிர்காலத்தில், அல்லது மழையில் நனைந்த பிறகு, வழக்கத்துக்கு மாறாகக் குழறிப் பேசினாலோ, தூங்கி வழிந்தாலோ, வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் அங்கேயும் சில்லென்று இருந்தாலோ தெர்மாமீட்டர் வையுங்கள். 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, அதாவது 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போயிருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஈரத்துணியை மாற்றி, நெஞ்சு, கழுத்து, தலை மூடும்படி போர்த்திவிடுங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம்; அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பினால் துடிப்பு தாறுமாறாகலாம். நினைவு தெளிவாக இருந்து, தானே டம்ளரைப் பிடித்து விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் சுக்குத் தண்ணி உட்பட எதையும் ஊற்றாதீர்கள்.